வீசை, பவுன், ஏர்: அளவை மாற்றத்தில் எண்கள் நின்ற இடம்

இந்தியாவில் மெட்ரிக் அளவை முறை புகுந்த வரலாற்றைச் சட்டங்களின் வரலாறாகவும் ஆட்சித் திறனின் வரலாறாகவும் எழுதுவதே வழக்கம். அதே வரலாற்றை, ஓர் எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கேள்விக்கு அரசும் கடைத்தெருவும் நகைக்கடையும் வருவாய்த்துறையும் தத்தமக்கு ஏற்ற விடைகளைக் கண்டுகொண்ட வரலாறாகவும் பார்க்க இடமுண்டு. பழைய அளவு ஒன்றைப் புதிய அளவாக மாற்றும்போதெல்லாம், எவரும் நிறுத்துப் பார்க்காத, எந்தத் தராசும் உணர்ந்திராத இலக்கங்கள் கணக்கின் வால்பகுதியில் வந்து சேர்கின்றன; அவற்றுள் எதுவரை ஏற்பது, எதை வெட்டுவது என்பது கணக்கறிவின் சிக்கலாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது காசின் சிக்கலாகவும் நிலத்தின் சிக்கலாகவும் முடிந்தது.

அறிவியலார் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்திருக்கின்றனர். ஓர் அளவீட்டில் ஐயமின்றித் தெரிந்த இலக்கங்களும், அவற்றையடுத்து மதிப்பிட்டுச் சொல்லப்படும் ஒரே ஓர் இலக்கமும் சேர்ந்து முக்கிய எண்ணுருக்கள் எனப்படும். ஓர் அளவீட்டை எத்தனை இலக்கம் வரை நம்பலாம் என்பதை அதை எழுதும் முறையே சொல்லிவிட வேண்டும் என்பது இதன் உட்கிடை. எண்ணின் முன்னே வரும் சுழியங்கள் வெறும் இடம் காட்டுவன ஆதலால், 0.035 கிலோகிராம் என்பதில் முக்கிய எண்ணுருக்கள் இரண்டே; அதையே 35 கிராம் என்று எழுதினாலும் இரண்டே. மெட்ரிக் அலகுகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது புள்ளிதான் இடம் பெயர்கிறது, அறிவு கூடுவதில்லை. ஆனால் 35 கிராமை 35,000 மில்லிகிராம் என்று எழுதியவுடன், கடைசி மூன்று சுழியங்களும் நிறுத்துக் கண்டவை போன்ற தோற்றம் ஏற்படுகிறது. இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே 3.5 × 10⁴ என எழுதும் வழக்கம் உருவாயிற்று. பெருக்கலிலும் வகுத்தலிலும், கலந்துகொள்ளும் அளவீடுகளுள் எதில் முக்கிய எண்ணுருக்கள் குறைவோ அதை மிஞ்சி விடையில் எழுதலாகாது என்பது விதி. 1 கிலோகிராமுக்கு 1000 கிராம் என்பது போன்ற வரையறைகள் அளந்து பெற்றவை அல்ல ஆகையால், அவை இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை.

அளவீட்டின் எல்லையைப் பதிவிலேயே சொல்லிவிடும் மனப்பாங்கு மேலைநாட்டு ஆய்வகங்களில்தான் பிறந்தது என்று கருத வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் அளித்த பொன்னையும் அணிகலன்களையும் பட்டியலிடும் கல்வெட்டுகள், எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என இறங்குவரிசையில் சொல்வதோடு நில்லாமல், பொற்கலங்கள் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன என்றும், மணிகள் பதித்த அணிகள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன என்றும் எடைக்கல்லின் பெயரையே குறிக்கின்றன. முத்துக் கோத்த அணிகளில் நூலும் அரக்கும் உட்பட இவ்வளவு என்று எழுதியிருப்பது இன்னும் கூர்ந்த கணக்கு. அரக்கின் எடை தெரியாத இடத்தில் முத்தின் எடையைக் குன்றிவரை சொல்வது பொய்யாகும் என்பதை அந்தக் கணக்கர்கள் உணர்ந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்ற வாய்பாட்டின்படி, குன்றியில் நிற்கும் எடை கழஞ்சில் நாற்பதில் ஒரு பங்குவரை அளக்கப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

பின்னத்தைப் பெயரால் சொல்லும் தமிழ்க் கணக்கு முறைக்கு இந்தப் பண்பு இயல்பாகவே உண்டு. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி, எண்பதில் ஒன்று காணி, இருபதில் ஒன்று மா, பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம், எட்டில் ஒன்று அரைக்கால் எனத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியே மனப்பாடம் செய்யப்பட்ட இந்தப் பின்னங்களில், எந்தப் பெயரில் கணக்கு நிற்கிறதோ அதுவே அதன் நுட்பத்தின் எல்லையும் ஆகும். பாதி, பாதியில் பாதி என வகிர்ந்து செல்லும் முறையில் மிச்சம் விழுவதும் இல்லை. ஆனால் வீசத்தைத் தசமத்தில் எழுத 0.0625 என்று மூன்று முக்கிய எண்ணுருக்களும், முந்திரியை எழுத 0.003125 என்று நான்கும் வேண்டும். பின்னாளில் ரூபாயில் மாகாணியாகிய அணாவை நூறில் பங்கிட முற்பட்டபோது எழுந்த தொல்லை முழுவதும் இந்த 0.0625க்குள் அடங்கியிருந்தது.

மெட்ரிக் முறையின் பிறப்பிலும் மிகையான இலக்கங்களின் கதை ஒன்று உண்டு. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடுவரை உள்ள தொலைவில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று பிரெஞ்சு அறிஞர்கள் முடிவு செய்து, 1793இல் பழைய அளவீடு ஒன்றைக் கொண்டு தற்காலிக மீட்டரை 443.44 லீனு என்று வைத்துக்கொண்டனர். லீனு என்பது ஏறத்தாழ 2.26 மில்லிமீட்டர் கொண்ட பழைய பிரெஞ்சு அலகு. அதன்பின் தெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானியலார் டன்கர்க் முதல் பார்சிலோனாவரை ஆண்டுக்கணக்கில் அளந்து தந்த முடிவுகளிலிருந்து 1799இல் இறுதி மீட்டர் 443.296 லீனு என அறுதியிடப்பட்டது. இன்று அறிந்தபடி அந்தக் கால்வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 10,002 கிலோமீட்டர். அதன்படி கணக்கிட்டால் மீட்டர் 443.38 லீனு இருந்திருக்க வேண்டும். ஆறு இலக்கங்களில் எழுதப்பட்ட எண்ணில் நான்காம் இலக்கமே பிழைபட்டிருந்தது என்பதும், அவசரத்துக்கு வைத்துக்கொண்ட தற்காலிக மீட்டரே உண்மைக்குச் சற்று நெருங்கியிருந்தது என்பதும் வரலாற்றின் குறும்பு. உருக்கப்பட்ட பிளாட்டினக் கோலே மீட்டர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டதால், கேடொன்றும் விளையவில்லை.

இந்தியாவில் இம்முறையைக் கொண்டுவரும் முயற்சி ஆங்கிலேயர் காலத்திலேயே ஒருமுறை நடந்து முடங்கியது. மேயோ பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது நிறைவேறிய 1871ஆம் ஆண்டுச் சட்டம், எடையின் அடிப்படை அலகுக்குச் சேர் என்ற நாட்டுப் பெயரையே வைத்து, அதன் அளவை மட்டும் பாரீசு நகரத்துக் கிலோகிராமுக்குச் சமமாக்கியது. 80 தோலா கொண்ட பழைய சேர் 933.1 கிராம், கிலோகிராமுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஏழு விழுக்காட்டுக்குள்தான். பெயரை விட்டுவைத்துப் பொருளை மட்டும் மாற்றும் தந்திரம் நல்லதொரு தந்திரமே ஆயினும், அச்சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. 1939இல் இயற்றப்பட்ட எடைத் தரச் சட்டம், 180 கிரெயின் கொண்ட தோலாவையும் 80 தோலாச் சேரையும் 40 சேர் மணங்கையும் உறுதி செய்து, நாட்டைப் பழைய பாதையிலேயே வைத்தது.

சென்னை மாகாணத்துக் கடைத்தெருவோ சேரைவிட வீசையையே நம்பியிருந்தது. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம் என்பது அதன் வாய்பாடு. இந்த மணங்கு 11.2 கிலோகிராம் அளவே. சட்டம் சொன்ன மணங்கோ 37.3 கிலோகிராம். ஒரே பெயரில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்ட இரண்டு எடைகள் வழங்கிய நாட்டில், மாற்றக் காரணியின் ஐந்தாம் இலக்கத்தைப் பற்றிய கவலை பின்னால்தான் வர முடியும். தானியமும் எண்ணெயும் படியாலும் மரக்காலாலும் அளக்கப்பட்டன. படியைத் தலைதட்டி அளப்பதா, கும்பமாக அளப்பதா என்பதிலேயே கணிசமான வேறுபாடு விழுந்ததால், முகத்தலளவில் இரண்டு முக்கிய எண்ணுருக்களுக்கு மேல் எதிர்பார்த்தவர் எவருமிலர்.

தோலாவின் எடை 11.6638 கிராம். அதன்படி பலம் 34.9914 கிராமும் வீசை 1399.66 கிராமும் ஆகும். இந்த இரண்டு எண்களும் தற்செயலாக முழு எண்களை ஒட்டி அமைந்தது தமிழ்நாட்டின் நற்பேறு. மூன்று முக்கிய எண்ணுருக்களில் பலம் 35.0 கிராம், நான்கு முக்கிய எண்ணுருக்களிலும் வீசை 1400 கிராம்தான். ஆகவே வீசை 1400 கிராம் என்று சொல்லும்போது அதில் உள்ள இரண்டு சுழியங்களும், பார்ப்பதற்கு இடம் நிரப்ப வந்தவைபோல் இருந்தாலும், உண்மையில் பொருளுள்ளவை. வீசைக்கு விழும் பிழை மூன்றில் ஒரு கிராம், அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. மளிகைக் கடைத் தராசின் முள் அந்த அளவை உணர்வதே அரிது. பலத்துக்கு 35, வீசைக்கு 1400 என்று பாட்டிமார்கள்வரை மனப்பாடம் செய்துகொண்ட இந்த மாற்றம், அறிவியல் விதியை அறியாமலே அதற்கு முற்றிலும் இணங்கி நின்றது.

1956 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய எடை அளவைத் தரச் சட்டம், கிலோகிராமையும் மீட்டரையும் நாட்டின் அலகுகளாக ஏற்று, பழைய அளவுகளுக்கான மாற்றக் காரணிகளையும் பட்டியலாக இணைத்துக்கொண்டது. 1958 அக்டோபர் 1 முதல் தேர்ந்தெடுத்த பகுதிகளில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வந்தன. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே வழங்கியபின், 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் புதிய எடைகளே கட்டாயமாயின. இவற்றுக்கெல்லாம் முன்பே, எண்களை முழுமைப்படுத்துவதற்கென்று, அதாவது தேவைக்கு மிஞ்சிய இலக்கங்களை வெட்டி நிறுத்துவதற்கென்று, ஒரு தரவிதி வெளிவந்திருந்தது. 1947இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தர நிறுவனம் தன் தரவரிசையில் முதல் எண்ணைத் தேசியக் கொடிக்கு ஒதுக்கியது. இரண்டாம் எண்ணைத் தாங்கி 1949இல் வந்து 1960இல் திருத்தப்பெற்றவை இந்த முழுமைப்படுத்தும் விதிகள். சிமெண்டும் எஃகும் வரிசையில் காத்திருக்க, இலக்கங்களை வெட்டும் கலைக்கு இவ்வளவு முன்னிடம் கொடுத்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் லால் சந்த் வர்மன் ஓர் இயற்பியலார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அவ்விதிகளின் சாரம் எளியது. வெட்டப்படும் பகுதி பாதிக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், மிகுந்தால் முந்தைய இலக்கத்தோடு ஒன்று கூட்ட வேண்டும்; சரிபாதியாக நின்றால், முந்தைய இலக்கம் இரட்டைப்படையாயின் அப்படியே விட்டு, ஒற்றைப்படையாயின் ஒன்று கூட்ட வேண்டும். ஐந்து வந்தால் எப்போதும் கூட்டு என்ற பள்ளிக்கூட வழக்கம் நீண்ட கூட்டல் கணக்குகளில் பிழையை ஒரே திசையில் குவிப்பதால், பாதியில் நிற்பவற்றுள் சிலவற்றை மேலும் சிலவற்றைக் கீழுமாகப் பகிர்ந்துவிடும் ஏற்பாடு இது. முழுமைப்படுத்தலை ஒரே படியில் செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையும் இதைச் சார்ந்ததே. வீசை ஒரு ரூபாய்க்கு விற்ற பண்டத்தைக் கிலோவுக்கு மாற்றினால், ரூபாயில் நூறில் ஒரு பங்காகிய நயா பைசாவில் 71.446 வரும். நேரே முழு எண்ணாக்கினால் விலை 71. ஆனால் அதையே பள்ளி வழக்கப்படி முதலில் 71.45 என்றும், பிறகு 71.5 என்றும், இறுதியில் 72 என்றும் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போகும் கணக்கர், ஒவ்வொரு படியிலும் விதியைப் பின்பற்றியதாகவே எண்ணிக்கொண்டு ஒரு காசைக் கூட்டிவிடுவார்.

மாற்றத்தின் முழு வலியும் நாணயத்தில்தான் முதலில் வெளிப்பட்டது. 1955இல் திருத்தப்பட்ட நாணயச் சட்டத்தின்படி 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா, காலணாவுக்கு மூன்று பை. அணாவுக்கு நேரான 6.25 நயா பைசாவைத் தரும் நாணயம் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆகவே அரை நயா பைசாவும் அதற்குக் குறைந்ததும் விடப்படும், அரைக்கு மேற்பட்டது ஒன்றாகக் கொள்ளப்படும் என்று சட்டம் விதித்தது. இதன்படி ஓர் அணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25, ஆறணா 37, பத்தணா 62, பதினான்கு அணா 87 என்று அட்டவணைகள் அச்சாகி அஞ்சலகங்களிலும் கடைகளிலும் தொங்கின. தர நிறுவனத்தின் இரட்டைப்படை விதியைக் கைக்கொண்டிருந்தால், 37.5க்கு நேரான ஆறணா 38 ஆகவும், 87.5க்கு நேரான பதினான்கு அணா 88 ஆகவும் இருந்திருக்கும். சரிபாதியை எப்போதும் கீழே தள்ளிய நாணயச் சட்டம், நடுநிலையைவிட எளிமையைத் தேர்ந்தெடுத்தது; சில்லறை கொடுத்து வாங்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு ஒற்றைப்படை இரட்டைப்படை பார்க்கச் சொல்வது நடவாத காரியம் என்பதால் இதைக் குறை சொல்வதற்கில்லை.

எனினும் சிறு தொகைகளில் இந்த விதி செய்த வேலை விநோதமானது. காலணா 1.5625 நயா பைசா. அது விதிப்படி 2 ஆயிற்று. அரையணா 3.125 என்பதால் 3 ஆகவும், முக்காலணா 4.6875 என்பதால் 5 ஆகவும் நின்றன. காலணாவுக்கு விற்ற ஒரு கட்டுக் கீரையை நான்கு நாள் தனித்தனியே வாங்கியவர் எட்டு நயா பைசா கொடுத்தார். நான்கு கட்டை ஒரே நாளில் அணாவுக்கு வாங்கியவர் ஆறு கொடுத்தார். ஒரு ரூபாய்க்குள் அடங்கும் அறுபத்து நான்கு காலணாக்களையும் ஒவ்வொன்றாக மாற்றினால் 128 நயா பைசா கிடைக்கும்; பதினாறு அணாக்களையும் ஒவ்வொன்றாக மாற்றினால் 96தான் தேறும். கூட்டுவதற்கு முன்பே முழுமைப்படுத்தினால் பிழை கூட்டலோடு சேர்ந்தே வளரும், எல்லாம் கூட்டி முடித்தபின் ஒரேயொரு முறை முழுமைப்படுத்தினால் அரைக் காசுக்குள் அடங்கும் என்று கணக்கு நூல்கள் சொல்லும் பாடம், இதைவிடத் தெளிவாக எங்கும் நிகழ்த்திக் காட்டப்பட்டதில்லை. பழைய நாணயமும் புதியதும் கலந்து புழங்கிய ஆண்டுகளில், அன்றாடம் சிறுகச் சிறுக வாங்குபவர் மீதே இந்தச் சுமை விழும் வாய்ப்பு மிகுதி. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிதாகத் தெரியாது.

25, 50 என்று மிச்சமின்றி மாறிய நாலணாவும் எட்டணாவும் தமிழ்ப் பேச்சில் நெடுங்காலம் வாழ்ந்தன. 25 பைசா நாணயம் 2011இல் செல்லாததாகும்வரை அதற்கு நாலணா என்ற பெயர் நீடித்தது. பின்னத்தோடு முடிந்த மூன்றணாவுக்கும் ஐந்தணாவுக்கும் ஏழணாவுக்கும் அந்த வாழ்வு கிட்டவில்லை. 1964 ஜூனில் அரசு நயா என்ற அடைமொழியை நீக்கியபோது, பெரும்பாலோருக்கு மனக்கணக்கு அநேகமாகப் பழகிவிட்டிருந்தது.

எடைகளிலும் பாதிபாதியாக வகிரும் பழக்கம் முற்றாகத் தோற்றுவிடவில்லை. புதிய எடைக்கற்கள் 50, 100, 200, 500 கிராம் எனப் பத்தின் அடிப்படையில் வார்க்கப்பட்டன; வாங்குபவர் கேட்டதோ அரைக்கிலோ, கால்கிலோ, அதிலும் பாதி. கால்கிலோவை நிறுக்க 200 கிராம் கல்லோடு 50 கிராம் கல்லையும் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. கால்கிலோவில் பாதியாகிய 125 கிராமுக்கு இந்த வரிசையில் கல்லே இல்லை. ஆயினும் காப்பித்தூளும் சில மளிகைப் பொருள்களும் இன்றும் 125 கிராம் என்ற அளவில் வாங்கப்படுகின்றன. ஐம்பலம் வாங்கிப் பழகிய வீட்டுக்கு அது 175 கிராம் ஆகும் என்றும், இரண்டரைப் பலம் 87.5 கிராம் ஆகும் என்றும் கணக்கர் சொல்லலாம். கடையில் இரண்டரைப் பலம் என்று நிறுத்ததே ஓரிரு தோலா முன்பின்னாக இருந்திருக்கும் என்பதால், அதை 87.5 என்று மூன்று இலக்கத்தில் எழுதுவது நுட்பம் ஆகாது. 100 கிராம் என்று கடை அதை மாற்றிக்கொண்டது, வியாபாரிக்கும் வசதி, கணக்குக்கும் முரணில்லை.

தங்கத்தில் மட்டும் நிலைமை வேறு, ஏனெனில் அங்கே ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் பவுன் என்றும் சவரன் என்றும் வழங்கும் அளவு, பிரிட்டனின் பொற்காசிலிருந்து வந்தது. 40 டிராய் ராத்தல் தங்கத்திலிருந்து 1,869 காசுகள் அடிக்கப்பட வேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து விதியின்படி, ஒரு காசின் எடை 7.98805 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய தங்கம். இரண்டு முக்கிய எண்ணுருக்கள்வரை இது 8.0 கிராம், மூன்றாம் எண்ணுரு கேட்டால் 7.99. தமிழ்நாட்டு நகை வணிகம் 8 கிராமையே பவுனின் வரையறையாக எடுத்துக்கொண்டது. வரையறை ஆனபின் அந்த எட்டுக்குப் பின்னால் எத்தனை சுழியங்களையும் இடலாம். இன்றைய நகைக்கடைப் பட்டியலில் 8.000 என்று மூன்று தசம இடங்களோடு அச்சாவது, மில்லிகிராம்வரை உணரும் மின்னணுத் தராசில் நிறுத்ததைக் காட்டுவதால் பொருத்தமானதே. ஆனால் காசுமாலையில் கோத்திருந்த அசல் சவரன்களை ஒரு குடும்பம் எடையிட எடுத்துவந்தால், தேயாத காசுகூட 7.988 என்றே நிற்கும். காசுக்கு 12 மில்லிகிராம் குறைவு. நூறு காசுக்கு ஏறத்தாழ 1.2 கிராம். தட்டான் களவாடியதாகக் குறைபட்டுக்கொள்ள இடம் தரும் இந்தக் குறை, எண் முழுமைப்படுத்தப்பட்டபோதே தோன்றிவிட்ட குறை.

நிலத்தின் கதை இன்னும் சிக்கலானது. பழைய அளவைப் பணியில் நிலம் 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் அளக்கப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒன்று ஒரு சென்ட். ஒரு கண்ணி 20 சென்டிமீட்டர். ஒரு பக்கம் 200 கண்ணி, அதாவது 40 மீட்டர், உள்ள சிறு வயலில் ஒரு கண்ணி முன்பின் ஆனால் அந்தப் பக்கத்தில் அரை விழுக்காடு பிழை. இரு பக்கத்திலும் அவ்வாறானால் பரப்பில் ஒரு விழுக்காடு. ஆகவே சென்ட் கணக்கில் எழுதிய பரப்பின் மூன்றாம் எண்ணுருவே ஐயத்துக்குரியதாகிறது. தஞ்சைப் பகுதியில் நூறு குழி ஒரு மா என்றும், மா 33 சென்ட் என்றும் வழங்குவதும் இவ்வாறே. குழியை 144 சதுர அடியாகக் கொண்டு கணக்கிட்டால் மா 33.06 சென்ட் வரும், ஆனால் அந்த ஆறை எந்த உழவரும் உழுததில்லை.

1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் ஏக்கர் சென்டிலிருந்து ஹெக்டேர் ஏருக்கு மாற்றப்பட்டன. ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. ஏக்கர் துல்லியமாக 40.4686 ஏர், பதிவேடுகளிலோ அது 0.40.50 என்று அமர்ந்தது, அதாவது 0 ஹெக்டேர், 40.50 ஏர். அரை ஏரின் மடங்காக முழுமைப்படுத்திய இத்தகைய எண்களைப் பழைய பதிவேடுகளில் பரவலாகக் காணலாம். சங்கிலி அளவையின் நுட்பத்தை நோக்க, இப்படி மூன்று முக்கிய எண்ணுருக்களில் நிறுத்தியது சரியான முடிவே என்று சொல்ல வேண்டும்; 40.4686 என்று எழுதியிருந்தால்தான், அளக்காத சதுர அடிகளை அளந்ததாகக் காட்டியிருக்கும். குறை, அந்த எண் பின்னால் வாசிக்கப்பட்ட விதத்தில் விளைந்தது. பட்டாவில் 40.50 என்று கடைசியில் ஒரு சுழியத்தோடு நிற்பதால், படிப்பவர் அதை நூறில் ஓர் ஏர்வரை, அதாவது ஒரு சதுர மீட்டர்வரை சரியான எண்ணாக எடுத்துக்கொண்டு, 4050 சதுர மீட்டர் என எழுதி, அதை 10.7639ஆல் பெருக்கி 43,594 சதுர அடி என்று கிரயப் பத்திரத்தில் ஏற்றுகிறார். பழைய ஏக்கர் 43,560 சதுர அடிதான். இடையில் முளைத்த 34 சதுர அடியை யாரும் எந்த வயலிலும் நட்டு வைக்கவில்லை; எழுபதுகளில் கரும்பு விளைந்த நிலம் இன்று மனைப்பிரிவாகி, சதுர அடிக்கு விலை பேசப்படும்போது அந்த 34 அடிக்கும் விலை எழுதப்படுகிறது.

ஒரே புலத்தில் இது அற்பம். அடுத்தடுத்த நூறு ஏக்கரை இவ்வாறு தனித்தனியே மாற்றிக் கூட்டினால் 4,050 ஏர் வரும். மொத்தமாகக் கூட்டி ஒரே முறை மாற்றினால் 4,046.86 ஏர். வேறுபாடு 3.14 ஏர், ஏறத்தாழ ஏழே முக்கால் சென்ட்; காலணாவில் நிகழ்ந்ததன் அதே கணக்கு. பழைய பத்திரத்தில் ஏக்கர் 1.00 என்று உள்ளவர் புதிய பட்டாவிலிருந்து 1.0008 ஏக்கர் என்று திருப்பிக் கணக்கிட்டு, கூடுதல் நிலம் பக்கத்துப் புலத்திலிருந்து தனக்கு வர வேண்டியது என வாதிடுவதும், பக்கத்துப் புலக்காரர் தம் பட்டாவிலும் அதே மிகுதி இருப்பதைக் காட்டி எதிர்வாதம் செய்வதும் இத்தகைய எண்களால் எழக்கூடிய வழக்குகளே. இவற்றைத் தீர்க்க நில அளவர் பட்டாவின் பரப்பெண்ணை நாடுவதைவிட, புலப்படத்தில் குறித்த பக்க நீளங்களையும் ஊன்றியிருக்கும் எல்லைக் கற்களையுமே நாடுகிறார். பத்திரத்தின் நான்கெல்லை விவரத்துக்கும் பரப்பளவுக்கும் முரண் ஏற்படும்போது, பொதுவாக நீதிமன்றங்களும் நான்கெல்லைக்கே முதலிடம் கொடுக்கின்றன.